அழாத பையனும் ஐயாவின் டார்ச் லைட்டும்

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்குப் பதினோரு வயது, மகளுக்கு ஏழு. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. போன ஐப்பசியில் மாமனார் தவறிவிட்டார். பையன் பிறந்ததிலிருந்து ஐயா (அப்பாவைப் பெற்ற தாத்தா) மடியில் வளர்ந்தவன், ராத்திரி பட்டாலையில் ஐயா பக்கத்தில் படுத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்ட பிள்ளை, எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "என் பேரனைப் பாருங்க, சிங்கக்குட்டி. இனிமே இந்த வீட்டுக்கு இவன்தான் ஆம்பளை" என்று அப்பத்தா வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாராம். எட்டு மாதம் ஆயிற்று. இப்போது தொட்டதற்கெல்லாம் கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். போன வாரம் ஐயாவின் டார்ச் லைட்டைத் தங்கை எடுத்துப் போட்டுப் போட்டு அணைத்து விளையாடினாள் என்று கன்னத்தில் அறைந்துவிட்டான். உதடு கிழிந்து ரத்தம். "இவனுக்குக் கோபத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. மனதில் இருப்பதை ஒழுங்காக வெளியே சொல்ல ஆண்பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்பது அவர் கேள்வி.

அம்மா, நான் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். இடையில் மனநல ஆலோசனையும் படித்து, கடைசிப் பத்தாண்டு பையன்களோடு உட்கார்ந்து பேசுவதையே பெரிய வேலையாக வைத்துக்கொண்டவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த டார்ச். நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேயே கண் நின்றுவிட்டது. ராத்திரி மாட்டுக் கொட்டகையைப் பார்க்க ஐயா எடுத்துப் போகும் டார்ச் அது என்கிறீர்கள். அதற்குள் கிடக்கும் பேட்டரிக் கட்டை அவர் கையால் போட்டது. தங்கை விளையாட்டாக அதை எரியவிட்டு எரியவிட்டுத் தீர்த்துவிட்டால், ஐயா வைத்துவிட்டுப் போன வெளிச்சம் தீர்ந்துபோகும். இதைப் பதினோரு வயதுப் பையன் எந்த வார்த்தையில் சொல்வான்? அவன் கையில் இருந்தது ஓர் அறைதான். அடித்தது தப்பு, அதைப் பின்னால் பேசுகிறேன். ஆனால் கோபத்தைத் தவிர அவனுக்கு ஒன்றும் வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. எட்டு மாதமாக ஒரு டார்ச்சை யாரும் தொடாமல் காத்து வந்திருக்கிறான். அது அழுகைதான்.

எங்கள் ஐயாவின் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1927-இல், பன்னிரண்டு வயதில், பர்மாவில் மோல்மீனுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர் அவர். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போகிற கடைகளில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகும் சிறு பையன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கு மேலே மேலாள். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்தால்தான் ஊர். மூன்று வருஷம் ஆத்தாளைப் பார்க்காமல் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை! ஐயா காலமான பிறகு பெட்டகத்தைத் திறந்தபோது, அவர் தன் ஆத்தாளுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். அப்புறம் மேலாள் நலம், அடுத்தாள் நலம், நூறு கூடை நெல் என்ன விலை, யார் யார் கப்பலுக்கு வருகிறார்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி பக்கம் முழுக்க விவரம். தன்னைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி: "நம் செவலைக் கன்று என்னைத் தேடுகிறதா?"

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆத்தா, உங்களைத் தேடுகிறது (ஏக்கமாக இருக்கிறது) என்று எழுத அந்தப் பிள்ளைக்குக் கை வரவில்லை. கன்றுக்குட்டியின் மேல் ஏற்றி அனுப்பிவிட்டது. அந்த ஓரத்து வரியை அவருடைய ஆத்தாள் எப்படிப் படித்தார்களோ தெரியாது. உங்கள் மகனின் கன்றுக்குட்டி அந்த டார்ச்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், "ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது" என்பது நம் பக்கத்தில் வெறும் வறட்டுப் பேச்சாக வந்தது இல்லை. ஒரு காலத்தில் அதற்கு வேலை இருந்தது. கடல் தாண்டிய ஊரில், பிறத்தியார் பணத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பையன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. அழுதால் ஆறுதல் சொல்ல ஆத்தா பக்கத்தில் இல்லை. அழாமல் இருக்கப் பழகியதுதான் அவனைக் காப்பாற்றியது. ஊரில் இருந்த பெண்களும் அதைத் தெரிந்துதான் பிள்ளைகளை அப்படி வளர்த்தார்கள். 1942-இல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வாழ்க்கை குலைந்தது. எங்கள் ஐயாவும் நடந்தே ஊர் திரும்பியவர்களில் ஒருவர். கடை போயிற்று, நிலம் போயிற்று, பெட்டியடியும் போயிற்று. அந்த வாய்மூடல் மட்டும் தேக்குத்தூண் மாதிரி வீட்டுக்குள் நிற்கிறது. நகரத்தார் வீடு என்றில்லை. துபாயிலும் குவைத்திலும் மலேசியாவிலும் அப்பா இருக்கிற எல்லா வீட்டிலும் இன்றைக்கு இதே பேச்சுத்தான். உங்கள் மகன் மோல்மீனுக்குப் போகப் போவதில்லை. அம்மா அடுப்படியில் இருக்கிறார், அப்பா போனில் முகம் காட்டுகிறார். அவன் எதற்காக அந்தக் கடைச் சிப்பந்தியின் முகத்தை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்?

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மலேசியாவில் இருந்த அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் முடிந்து பள்ளிக்கு வந்தவன் செய்யுள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நோட்டில் கண்ணீர் விழுந்து மை கரைந்தது. நான் அவன் தோளைத் தட்டி, "கண்ணைத் துடை. இனி உங்க வீட்டை நீதான் தாங்கணும். ஆம்பளையா இரு" என்றேன். நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், அன்னைக்கு நீங்க சொன்னீங்கள்ல, அதுக்கப்புறம் நான் அழுததே இல்ல சார். ஆத்தா தவறினப்பகூட அழல." நன்றி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான் ஆலோசனை படிக்கப் போனதற்கு அவன்தான் காரணம்.

இப்போது உங்கள் பையனுக்கு வருவோம். தமிழாசிரியன் என்பதால் எனக்குக் கைகொடுப்பது தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அழுகை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு இடம் சொல்கிறது அது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் இகழ்ந்து சிறுமைப்படுதல். இழவு, பறிகொடுத்தல். அசைவு என்றால் முன்பிருந்த நல்ல நிலை குலைந்து வேறாகிப்போதல். அந்த நூற்பாவில் ஆண் அழுகை, பெண் அழுகை என்று பிரிவு இல்லை. உங்கள் மகனுக்கு ஐயாவைப் பறிகொடுத்த இழவு வெளிப்படை. அதோடு அசைவும் இருக்கிறதே! ஐயாவின் செல்லப் பேரனாக, கதை கேட்டுத் தூங்கும் பிள்ளையாக இருந்தவன் ஒரே நாளில் 'வீட்டு ஆம்பளை' ஆக்கப்பட்டுவிட்டான். இனி அவன் யார் மடியில் படுப்பான்? எங்காவது ஒரு இளிவும் இருக்கலாம், பள்ளியில் எவனாவது ஏதாவது சொல்லியிருப்பான். இத்தனையும் சேர்ந்து வெகுளி என்ற ஒரே வாசல் வழியாக வெளியே வருகிறது, ஏனென்றால் ஆண்பிள்ளைக்கு நாம் திறந்து வைத்திருக்கும் வாசல் அது ஒன்றுதான். பையன் கத்தினால் "ரோஷக்காரன்" என்கிறோம், அழுதால்தான் "பொட்டச்சியா நீ" என்கிறோம்.

பையன்களின் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அப்பா போன் பண்ணாத ஏமாற்றம், பரீட்சை பயம், கூட்டாளி வேறொருவனோடு சேர்ந்துகொண்ட பொறாமை, வாத்தியார் எல்லார் முன்னாலும் திட்டிய அவமானம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான்: "கடுப்பா இருக்கு." இன்னும் கொஞ்சம் பெரியவனானால் "காண்டா இருக்கு." ஃபீலிங் என்ற சொல்லை அவர்கள் கிண்டலுக்கு வைத்திருக்கிறார்கள், "என்னடா, ஃபீலிங்கா?" என்று. ஆனால் நம் தமிழில் மனதைச் சொல்ல உடம்பின் வழியாக எத்தனை சொல் இருக்கிறது! தொண்டை அடைக்குது, வயித்தைப் பிசையுது, நெஞ்சு கனமா இருக்கு, மனசு கிடந்து அடிச்சுக்குது. பையன்களுக்கு உள்ளே நுழைய இதுதான் நல்ல வழி என்பது என் அனுபவம். "உனக்கு வருத்தமா இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பான். "எங்கே என்னமோ பண்ணுது? தொண்டையிலா, வயித்திலா?" என்று கேட்டால் யோசித்துப் பார்த்து, "இங்கே" என்று தொட்டுக் காட்டுவான். காட்டிய இடத்துக்குப் பிறகு மெதுவாகப் பெயர் வரும். அதுவரைக்கும் அவன் "ஒரு மாதிரியா இருக்கு" என்றாலே போதும், அது "கடுப்பா இருக்கு" என்பதைவிட உண்மைக்குப் பக்கம்.

பெயர் சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து மேத்யூ லீபர்மன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கோப முகம், பயந்த முகம் படங்களைக் காட்டி, அந்த உணர்வுக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது, ஆபத்து ஆபத்து என்று மணியடிக்கிற அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் துடிப்பு குறைந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். யோசித்து நிதானிக்கிற முன்மூளைப் பகுதி அப்போது வேலை செய்தது. கையும் காலும் போகிற இடத்தில் வார்த்தை போனால் மூளைக்குள்ளேயே கொஞ்சம் அடங்குகிறது என்பது இதன் அர்த்தம்.

எங்கே, எப்போது பேசுவது என்பதில்தான் பெரும்பாலான அம்மாக்கள் தடுக்கி விழுகிறார்கள். பையனை எதிரே உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து, "சொல்லுப்பா, என்ன பிரச்சினை?" என்றால் அவனுக்கு அது ஹெட்மாஸ்டர் அறை. பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் கண்ணும் வேறொரு வேலையில் இருக்கும்போதுதான் ஆண்பிள்ளை வாய் திறப்பான். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்னால் உட்காரவைத்துச் சந்தைக்குப் போகும்போது. ஊருணிக் கரையில் கல்லெறியும்போது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி இதற்குச் சின்ன வெங்காயத்தைப் பயன்படுத்தினார்கள். மகன் பத்தாவதில் தோற்றுவிட்டான். மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனை அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முறம் நிறைய வெங்காயத்தைக் கொண்டுவந்து இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் வைத்து, "கை வலிக்குதுடா, கொஞ்சம் உரிச்சுக் கொடு" என்றார்கள். இருவரும் உரித்தார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர். பாதி முறம் ஆகும்போது அவனுடைய கண்ணீர் வெங்காயத்துக்கானது இல்லை என்று ஆச்சிக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. தோலை வழித்து ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே, "நானும் அஞ்சாப்புல ஒரு தடவை நின்னுட்டேன். எங்க அப்பச்சி (அப்பா) மூஞ்சியைப் பார்க்கப் பயமா இருந்துச்சு" என்றார்கள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கும் அதான் ஆத்தா" என்றான். அவ்வளவுதான் நடந்தது. வெங்காயத்தை வைத்துக் குழம்பு வைத்தார்கள். அந்த ஆச்சி மனோதத்துவம் படித்தவர்கள் இல்லை. ஆனால் மறைந்து அழ ஓர் இடம் கொடுத்தார்கள், தன் பயத்தை முதலில் எடுத்து வைத்தார்கள், புத்திமதி சொல்லவில்லை. இந்த மூன்றையும் சொல்லிக் கொடுக்க எனக்கு இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு தேவைப்பட்டது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், நீங்களே தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள். ஐயா தேய்த்து விட்டிருப்பார், எட்டு மாதமாக அந்தத் தலையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பதினோரு வயதுப் பையன் கட்டிப்பிடிக்க வந்தால் நழுவுவான், எண்ணெய்க் கைக்குத் தலையைக் கொடுப்பான்.

எழுதப் பிடிக்கிற பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வகுப்பில் ஒரு பையனிடம், உன் பாட்டனார் ராத்திரி வரவு செலவுச் சிட்டை எழுதாமல் தூங்க மாட்டார், நீயும் ஒரு சிட்டை போடு, ஆனால் காசுக்கு இல்லை, மனசுக்கு என்று சொல்லி ஒரு நோட்டைக் கொடுத்தேன். யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இரண்டு மாதம் கழித்து அவனே கொண்டுவந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். "வரவு: டீச்சர் பேனா குடுத்தாங்க. பற்று: அப்பா இன்னைக்கும் போன் பண்ணலை. இருப்பு: பரவாயில்லை." எழுதிக்கொண்டே வந்தவன் 'இருப்பு' என்று தானாகச் சேர்த்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சரி, அடித்த விஷயம். மனதில் எது வந்தாலும் வரலாம், கை நீளக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. "ஐயா டார்ச்சை எடுத்தது உனக்குத் தாங்கலை, எனக்குப் புரியுது. தங்கச்சியை அடிக்கக் கூடாது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வதுதான் நம் வழக்கம். அடி வாங்கியவளும் ஐயாவை இழந்த பிள்ளைதான் என்பதை மறக்க வேண்டாம். அவள் அந்த டார்ச்சை ஏன் எடுத்தாள் என்று யாராவது கேட்டீர்களா?

கோபம் ஏறி நிற்கும்போது பேச்சு வேண்டாம். கோபம் வந்தால் தலையணையைக் குத்து, கத்தித் தீர்த்துக்கொள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது பலன் தராது என்பதோடு கோபத்தைக் கூட்டவும் செய்யும் என்று பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-இலேயே சோதித்துக் காட்டினார். கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. 2024-இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், உடம்பின் கொதிப்பைத் தணிக்கிற மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது போன்றவைதான் கோபத்தைக் குறைத்தன. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். முகத்தில் குளிர்ந்த தண்ணீர், வளவில் நான்கு சுற்று நடை. அடங்கியபின், அரை மணி நேரமோ அரை நாளோ கழித்துப் பேசுங்கள். இதைக் கோபம் இல்லாத நாளில் பழக்கி வைக்க வேண்டும், கொதிக்கும்போது கற்றுக்கொடுக்க முடியாது.

உங்கள் கணவரிடம் ஒரு வேலை இருக்கிறது, அதைச் சிங்கப்பூரிலிருந்தே செய்யலாம். ஐந்து நாள் லீவில் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தது அவருடைய அப்பச்சி. அவர் அழுததை மகன் பார்க்கவில்லை. வாரம் இரண்டு தடவை வீடியோ காலில் வந்து "சாப்பிட்டியா, படிச்சியா, மார்க் எவ்வளவு" என்று கேட்கிறார். தூரத்தில் இருக்கும் அப்பாக்கள் எல்லோரும் கேட்கிற மூன்று கேள்விதான், குற்றம் சொல்லவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மூன்றுக்கும் முன்னால் அவர் சொல்லட்டும்: "இன்னைக்கு எங்க அப்பச்சி நினைப்பாவே இருக்குடா. இங்க ஒருத்தர் அவர் மாதிரியே இருமினார், திரும்பிப் பார்த்துட்டேன்." சொல்லும்போது குரல் உடைந்தால் உடையட்டும், போனை வைத்துவிடக் கூடாது. உங்கள் ஆயிரம் வார்த்தையைவிட அந்த ஒன்று வேலை செய்யும். ஆண் அழலாம் என்று அம்மா சொல்லிப் பையன் நம்ப மாட்டான், ஓர் ஆண் செய்து பார்க்க வேண்டும். அப்பாவுக்கு முடியாவிட்டால் அம்மான், பெரியப்பச்சி, யாராவது ஒருவர்.

அப்பத்தாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களும் துணையை இழந்தவர்கள். "சிங்கக்குட்டி" என்பது அவர்கள் பேரனுக்குப் போட்ட கவசம். இழவு வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், ஐயாவின் ஒவ்வொரு குணத்தையும் பாட்டாகச் சொல்லி அழுதார்கள். அதைக் கேட்க வேண்டியவனை "ஆம்பளைகளோட போய் உட்காரு" என்று வாசல் பந்தலுக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்கள் மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அழுவதற்கு ஒரு வடிவம் உள்ளே இருந்தது, அவன் வெளியே இருந்தான். அப்பத்தாவிடம் கேளுங்கள், "ஐயா சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு பேரனுக்குச் சொல்லுங்க" என்று. சொல்லும்போது அவர்கள் அழுவார்கள், அவன் பார்ப்பான். "இவன்தான் இனி ஆம்பளை" என்ற வார்த்தையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஆம்பளை அவன் அப்பா. அவனுக்கு ஆறாம் வகுப்புப் படிக்கிற வேலை போதும்.

ஆண்பிள்ளைக்கு இயல்பிலேயே அழுகை குறைவு என்று அப்பத்தா சொன்னால், ஒரு செய்தி. கேத்ரின் வைன்பெர்க்கும் எட்வர்ட் ட்ரோனிக்கும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்து ஆண் குழந்தைகள்தான் பெண் குழந்தைகளைவிட அதிகம் சிணுங்கினார்கள், தூக்கிக்கொள்ளச் சொல்லி அதிகம் ஏங்கினார்கள். நம் ஊரிலேயே பாருங்கள். கோயில் காளை செத்தால் மாலை போட்டு, வேட்டி போர்த்தி, மஞ்சுவிரட்டில் மார்தட்டுகிற ஆண்கள்தான் குழியோரம் விம்மி விம்மி அழுகிறார்கள். அவர்களை யாரும் பொட்டச்சி என்று சொல்வதில்லை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், பிரான்மலைக்கு. பாரியின் பறம்பு மலை. நண்பன் மாண்டபின் அந்த மலையை விட்டு இறங்கிய கபிலர், கண்ணில் நீர் வழியத் தொழுதுவிட்டுப் போகிறேன் என்று தன் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார். பையன்களை அங்கே அழைத்துப்போய் நான் இதைச் சொல்லும்போது ஒரு தடவைகூட எவனும் சிரித்ததில்லை.

இன்னும் ஒரு விஷயம், சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வாய்மூடிப் பழகிய பையன் துக்கத்தை மட்டும் மறைப்பதில்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 சதவீதம் பேர் ஆண்பிள்ளைகள். பாதிக்கு மேல்! 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண்பிள்ளைக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் "ஆம்பளைக்கு என்னடா பயம்" என்று கேட்டுப் பழகியவன் யாரிடம் போய்ச் சொல்வான்? திடீரென்று குணம் மாறிய எந்தப் பையனிடமும், "யாராவது உனக்குப் பிடிக்காத மாதிரி நடந்துக்கிட்டாங்களா? எதுவா இருந்தாலும் உன் மேல தப்பு இல்ல" என்று ஒரு முறையாவது கேட்டுவிடுவது நம் கடமை. உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

உங்கள் மகனுக்கு நடப்பது பெரும்பாலும் துக்கம்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளின் துக்கம் பெரியவர்கள் மாதிரி ஒரே மூச்சாக இருக்காது, விட்டுவிட்டு வரும். ஐந்து நிமிஷம் விம்மிவிட்டு உடனே கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அதை வைத்து மறந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டாலும், பள்ளிக்குப் போக மறுத்தாலும், பிடித்த விளையாட்டையே தொடாமல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவே தெரியலாம். "நானும் ஐயாகிட்டப் போறேன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் வாயை அடைக்காதீர்கள், திட்டாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் வெளியே வரும். அன்றைக்கே உதவி தேடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் ஏறக்குறைய 72 சதவீதம் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதற்குக் கடன், குடும்பம், நோய், குடி என்று காரணங்கள் பல. ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணைத் துடை என்று நான் சொன்ன அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை என் கண்முன் வந்து நிற்கிறான்.

ஐப்பசியில் வருஷத் திவசம் வரும். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஐயாவுக்குப் பிடித்தது என்னவென்று அவனையும் தங்கையையும் உட்காரவைத்துக் கேட்டு, இலையில் என்ன வைப்பது என்பதை அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அன்றைக்கு அவனைப் பந்தலுக்கு அனுப்பாமல் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் டார்ச்சைக் கவனிக்க வேண்டும். பழைய கட்டை கிடந்தால் நாளாக நாளாகக் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும், பிறகு அது எரியவே எரியாது. இதை அவனிடம் விளக்கிச் சொல்லுங்கள். புதுக் கட்டை வாங்கிவந்து அவன் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். ஐயா போட்ட பழைய கட்டையை நீங்களாகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எங்கே வைக்கட்டும் என்று அவனைக் கேளுங்கள்.